பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐயா, மேல்நிலையா: முடிவெடுப்பது மாணவரா, குடும்பமா?

பதிவு 1 | பாளை ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த நாளிலிருந்து பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை முடியும் வரை பள்ளி அலுவலகத்தின் முன் நடக்கும் பேச்சைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எந்தப் பிரிவு வேண்டும் என்ற கேள்விக்கு மாணவரே விடையளிப்பதாகத்தான் விண்ணப்பப் படிவம் வைத்துக்கொள்கிறது. ஆனால் 500க்கு 310 மதிப்பெண் எடுத்த அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளை கணிதமும் அறிவியலும் அடங்கிய முதல் குரூப்பில் சேர்ந்து மாலையில் டியூஷனுக்குப் போகிறது. அதே 310 எடுத்த கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு, “இந்த மார்க்குக்கு ஐடிஐ போதும்” என்று பெற்றோர் வாய் திறப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுகிறார்கள்; ஆசிரியர்களில் சிலரும் சொல்லிவிடுகிறார்கள் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் ரேமோன் பூதோன் 1974இல் இதனை இரண்டு விளைவுகளாகப் பிரித்துக் காட்டினார். வீட்டுச் சூழல் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கூட்டுவதும் குறைப்பதும் முதல் விளைவு. மதிப்பெண் சமமாக இருந்தும், எந்தப் பாதையில் போவது என்ற முடிவை வீட்டுச் சூழல் மாற்றிவிடுவது இரண்டாம் விளைவு. முதலாவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். காலை உணவும் மதிய உணவும் விலையில்லாப் பாடநூலும் மாலைச் சிறப்பு வகுப்பும் அதனைக் குறைப்பதற்காகவே வந்தவை. இரண்டாவதைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு, ஏனென்றால் அது எப்போதும் ‘அவன் விருப்பம்’ என்ற பெயரிலேயே நம் முன் வந்து நிற்கிறது.

ரிச்சர்ட் பிரீன், ஜான் கோல்ட்தார்ப் என்ற இருவர் 1997இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தன் பிள்ளை தன் நிலைக்குக் கீழே போய்விடக் கூடாது என்பதே எந்தக் குடும்பத்துக்கும் முதல் கவலை. பட்டம் பெற்ற பெற்றோருக்குப் பிள்ளை பட்டம் பெறாவிட்டால் அது இறக்கம். ஆகவே மதிப்பெண் குறைந்தாலும் கடன் வாங்கியாவது கல்லூரிக்கு அனுப்புவார்கள். கொத்தனாருக்கு மகன் மின்பணியாளர் ஆவதே ஏற்றம். அதற்கு மேல் ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து இடையில் ஏதேனும் தவறினால், கையில் இருந்த ஏற்றமும் போய்விடும். இதில் ஆசைக் குறைவு எதுவும் இல்லை. தோற்றால் தாங்குவதற்கு வீட்டில் என்ன இருக்கிறது என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது.

தொழிற்கல்வி தாழ்ந்தது என்பது என் கருத்தன்று. வீடு எத்தனை ஆண்டு காத்திருக்க முடியும், அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்ற இரண்டும்தான் நம் பக்கத்தில் பிள்ளைகளின் பாதையைப் பிரிக்கின்றன என்பதே என் கருத்து. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் நீங்கள் கண்டது இதனோடு பொருந்துகிறதா என்று அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 | பொருத்துநர்

அம்மா, நான் ஐடிஐ ஒன்றில் பயிற்றுநராக இருக்கிறேன். தாங்கள் எழுதியதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் ‘தொழிற்கல்விக்குப் போனவர்கள்’ என்று எல்லாரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குடும்பப் பின்னணி ஐடிஐ வாசலோடு நின்றுவிடுவதில்லை. வாசலைத் தாண்டி உள்ளேயும் அதே வேலையைச் செய்கிறது.

அப்பாவோ மாமாவோ லேத் பட்டறை வைத்திருக்கும் பையன் சேர்க்கைக்கு வரும்போதே, கடைசலர் (டர்னர்) பிரிவு எடுத்தால் என்ன, இயந்திர வேலையாளர் (மெஷினிஸ்ட்) பிரிவு எடுத்தால் என்ன என்று தெரிந்துகொண்டு வருகிறான். எந்த ஆலையில் தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) சேரலாம், இரண்டாம் ஆண்டில் எதைக் கவனமாகக் கற்க வேண்டும் என்றெல்லாம் அவனுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். விவசாயக் கூலி வீட்டுப் பையன் காலியாக இருக்கும் இடத்தில் சேர்கிறான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய வெல்டர், கம்பியாள் (வயர்மேன்) போன்ற பிரிவுகளில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களும் வந்து அமர்ந்திருப்பதற்குக் காரணம் பல நேரங்களில் விருப்பமன்று, விவரம் தெரியாததுதான். மின்பணியாளர் (எலக்ட்ரீஷியன்), பொருத்துநர் (ஃபிட்டர்) போன்ற இரண்டாண்டுப் பிரிவுகளில் அவர்களும் சேர்ந்திருக்கலாம்.

செலவு காரணமாக யாரும் பின்வாங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஐடிஐக்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், மிதிவண்டி, சீருடை, பேருந்துப் பயண அட்டை ஆகியவையும் கிடைக்கின்றன. டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு 2022இல் செய்த உடன்படிக்கையின்படி 71 அரசு ஐடிஐக்கள் சுமார் 2,877 கோடி ரூபாய்ச் செலவில் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தப்பட்டன. ரோபோ இயக்கமும் மின்வாகனத் தொழில்நுட்பமும் பாடங்களாக வந்துள்ளன. இவை எல்லாம் வந்த பின்பும், தங்கள் பிள்ளையை முதல் விருப்பமாக இங்கே அனுப்பிய ஆசிரியர் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. பிரிவு நல்லதா என்பதை அது பெறும் பணத்தை வைத்து மட்டும் மக்கள் முடிவு செய்வதில்லை. யார் பிள்ளைகள் அங்கே போகிறார்கள் என்பதையும் பார்க்கிறார்கள்.

பதிவு 3 | முக்கூடல் வாசகி

அக்காவின் பதிவைப் படித்தபோது எங்கள் வீட்டைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. என் அம்மா பீடி சுற்றியவர். முக்கூடலில் தொடங்கி ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் படிப்புச் செலவு அந்தப் பீடித்தட்டிலிருந்துதான் வந்தது என்பதை இங்கே எல்லாரும் அறிவீர்கள். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, சுற்றிக் கொடுத்து, வாரக்கூலி வாங்கும் வீட்டில் பணம் வாரத்தைக் கணக்காகக் கொண்டு ஓடுகிறது. கல்லூரிப் படிப்போ ஆண்டைக் கணக்காகக் கொண்டு ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்ப அம்மாவிடம் இருந்தது அவருடைய பிஎஃப் பணம் மட்டுமே.

என் அண்ணன் பத்தாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தவர். கணிதத்தில் மிகவும் கெட்டிக்காரர். ஆனாலும் அவர் ஐடிஐயில் சேர்ந்தார், நான் முதல் குரூப்பில் சேர்ந்தேன். அப்பா இல்லாத வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காத்திருக்க முடியாது. இரண்டு ஆண்டுகளில் முடிந்து, அதன் பிறகு தொழிற்பழகுநராகச் சிறு தொகையாவது வரும் பாதையை அவர் எடுத்துக்கொண்டதால்தான், கவுன்சலிங் வழியாகப் பொறியியலுக்கு என்னால் போக முடிந்தது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010இல் வந்திருந்தபடியால் கல்விக் கட்டணத்தின் சுமை குறைந்தது. விடுதிக்கும் புத்தகத்துக்கும் அண்ணன் அனுப்பினார். முதல் பட்டதாரிச் சான்றிதழில் என் பெயர் இருக்கிறது.

ஆகவே ‘குடும்பப் பின்னணி’ என்று சொல்லும்போது வீட்டுக்கு ஒரு பின்னணி என்று எண்ணிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே கூரையின் கீழ் மூத்த பிள்ளைக்கு ஒரு பின்னணி, இளைய பிள்ளைக்கு வேறொரு பின்னணி. மூத்தவர் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஆண்டில் வீட்டுக் கடன் எவ்வளவு இருந்தது, யாருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்பவை அவருடைய நாற்பதாண்டு உழைப்பின் திசையைத் தீர்மானித்துவிடுகின்றன. பீடித் தொழிலாளர் நலநிதியிலிருந்து பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அது எங்களுக்கும் வந்தது. ஆனால் அது வரும் மாதத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்துக்கும் பொருத்தமே இருந்ததில்லை. பணத்தின் அளவைப் போலவே அது வரும் காலமும் முக்கியம் என்பதை உதவித்தொகையை வகுப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்ணன் இன்று நல்ல நிலையில்தான் இருக்கிறார். அவருக்கு அநீதி நேர்ந்தது என்று நான் சொன்னால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். இருந்தாலும், அவருடைய மதிப்பெண் எங்கள் ஊர் டாக்டர் வீட்டில் யாராவது எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

பதிவு 4 | ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

முக்கூடல் மகளின் பதிவு என் மனத்தைத் தொட்டது. இந்த விவாதத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதனை நினைவுகொள்ளாமல் தொழிற்கல்வி மீது நம் மக்களுக்கு உள்ள அச்சத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளின் ஒரு வேளை மட்டும் வகுப்புக்கு வர வேண்டும். மறுவேளை தகப்பனாரின் தொழிலையோ ஊரிலுள்ள கைவினைஞரிடம் ஒரு தொழிலையோ பழக வேண்டும். பள்ளிகள் போதாத காலத்தில் ஒரே கட்டடத்தில் இருமடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்தார்கள். பனையேறியின் மகன் பனையேறியாகவும், வண்ணாரின் மகன் வண்ணாராகவும் நின்றுவிட வேண்டுமா என்று பெரியார் தலைமையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ‘கைத்தொழில் கற்றுக்கொள்’ என்று யாராவது சொன்னால், அதற்குள் ‘உன் அப்பன் தொழிலைச் செய்’ என்ற பொருள் ஒளிந்திருக்கிறதோ என்று நம் மக்கள் ஐயுறுவது இதனால்தான். அந்த ஐயம் நியாயமானது.

அண்மையில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒன்றிய அரசு 2023இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில், விண்ணப்பிப்பவர் குடும்பத்தின் மரபுத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 35 ஆக உயர்த்த வேண்டும் என்று தமிழ்நாடு கேட்டது. 2024 நவம்பரில் அத்திட்டத்தை அந்த வடிவில் நடைமுறைப்படுத்த இயலாது என்று முதல்வர் கடிதம் எழுதினார். அதற்கு மாற்றாகக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தபோது குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. வயது வரம்பு 35இல் தொடங்குகிறது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போக வேண்டியவரைக் கடன் கொடுத்துப் பட்டறையில் உட்கார வைத்துவிடக் கூடாது என்பதே அந்த வயது வரம்பின் கருத்து. எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆனால் கைத்தொழிற்கல்வி விடுதலைக்கும் வழியாக இருந்த காலம் நம் சீமையிலேயே உண்டு. நாசரேத்தில் கிறித்தவ மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தொடங்கிய கைத்தொழிற்பள்ளி, அப்பா செய்யாத தொழிலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தது. இடையன்குடியில் எலைசா கால்டுவெல் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னலைக் கற்பித்தார். பனங்காட்டுப் பெண்களின் கையில் அவர்களுடைய சொந்தக் காசு சேர்ந்தது. தகப்பன் தொழிலுக்குள் பிள்ளையை அடைப்பதும், புதிய தொழில் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுப்பதும் நேர் எதிரான செயல்கள். இரண்டையும் தொழிற்கல்வி என்ற ஒரே பெயரால் அழைத்து நாம் குழம்புகிறோம்.

மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டில் 1978இல் வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கின் அருகில்கூட நாடு போகவில்லை. 2020ஆம் ஆண்டின் கொள்கை, 2025க்குள் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி அனுபவம் கிடைக்க வேண்டும் என்றது. நான் பணியாற்றிய பள்ளிகளில் கண்டது வேறு. தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படாது. இரண்டு ஆண்டுகளில் பிரிவே இல்லாமல் போகும். ‘மாணவர்கள் விரும்பவில்லை’ என்று கோப்பில் எழுதப்படும்.

பதிவு 5 | களக்காட்டு விவசாயி

ஐயா, எல்லாரும் பேசுவதைப் பார்த்தால் முதல் குரூப்புக்குப் போனவர் தப்பித்தார், மற்றவர் மாட்டிக்கொண்டார் என்பது போலத் தோன்றுகிறது. நான் ஏத்தன் வாழை பயிரிடுகிறேன். எங்கள் ஊரில் பொறியியல் முடித்துவிட்டு அந்தப் படிப்புக்குத் தொடர்பில்லாத வேலைக்குக் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மோட்டார் ரீவைண்டிங் தெரிந்தவர் நம் பகுதியில் எங்கே கிடைக்கிறார்? பம்புசெட் பழுதானால் ஒரு வாரம் காத்திருக்கிறோம். பள்ளியில் வேளாண் அறிவியல் பிரிவில் படித்தவர்களுக்கு வேளாண் பட்டப்படிப்பில் தனி ஒதுக்கீடு உண்டு என்பதும், கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி இருப்பதும் எத்தனை வீட்டுக்குத் தெரியும்? படிப்பின் பெயரைப் பார்க்காமல் அதன் பயனைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பதிவு 6 | பாளை ஆசிரியை

களக்காட்டு அண்ணாச்சிக்கு நன்றி. பயனைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் தங்களுக்கும் வேறுபாடில்லை. ஆனால் மோட்டார் ரீவைண்டிங் தெரிந்தவர் குறைவு என்பதற்காக, அதனைக் கற்க வேண்டியவர் ஏழை வீட்டுப் பிள்ளைதான் என்று ஊர் முடிவு செய்வதை நான் ஏற்க முடியாது. ஊருக்குத் தேவை இருக்கிறது என்றால் அந்தத் தேவையை எல்லா வீட்டுப் பிள்ளைகள் முன்னும் வைப்போம். தங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் வங்கி அதிகாரியாக இருந்தால், அவர் மகனிடமும் அதே அறிவுரையைச் சொல்வோமா என்பதே என் கேள்வி.

தலைமையாசிரியர் ஐயா எழுதிய கடைசி வரியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கற்பிக்க ஆள் இல்லாத பிரிவை மாணவர் விரும்பவில்லை என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பானது.

பதிவு 7 | ஸ்டுட்கார்ட் வாழ் தென்காசிக்காரன்

தொழிற்கல்வி என்றதும் எல்லாரும் ஜெர்மனியை எடுத்துக்காட்டுவதால், இங்கே நான் பார்ப்பதை எழுதுகிறேன். இங்குள்ள இரட்டைப் பயிற்சி முறையில் இளைஞர் ஒருவர் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் நிறுவனத்திலும் மீதி நாட்கள் தொழிற்பள்ளியிலும் கற்கிறார். பெரும்பாலும் மூன்று முதல் மூன்றரை ஆண்டுகள் பிடிக்கும்; முன்னூறுக்கும் மேற்பட்ட தொழில்கள் இதில் உள்ளன. முதல் நாளிலிருந்தே ஊதியம் உண்டு. 2020 முதல் குறைந்தபட்சப் பயிற்சி ஊதியம் சட்டப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது, அந்த ஆண்டில் முதலாண்டுப் பயிற்சியாளருக்கு மாதம் 515 யூரோ. அனுபவம் பெற்ற பின் ‘மைஸ்டர்’ (தொழில் வல்லுநர்) தேர்வு எழுதினால், அந்தத் தகுதி இளநிலைப் பட்டத்தின் அதே படிநிலையில் வைக்கப்படுகிறது. 2009 முதல் அதனை வைத்துப் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். முக்கூடல் தங்கையின் அண்ணன் போன்றவருக்கு இங்கே காத்திருக்கும் செலவு மிகக் குறைவு. அந்த வகையில் பாராட்டத்தக்க ஏற்பாடு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே, ஏறக்குறையப் பத்து வயதில், பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்தை நோக்கிய கிம்னாசியம் பள்ளியில், படித்த பெற்றோரின் பிள்ளைகளே அதிகம். 2000ஆம் ஆண்டின் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டு முடிவுகள் வந்தபோது, குடும்பப் பின்னணிக்கும் மாணவரின் தேர்ச்சிக்கும் உள்ள பிணைப்பு மிக வலுவாக இருக்கும் நாடுகளில் ஒன்றாக ஜெர்மனி இருப்பது தெரிந்து நாடே அதிர்ந்தது. எரிக் ஹனுஷெக், லுட்கர் வோஸ்மன் என்ற பொருளியலாளர்கள் 2006இல் பல நாடுகளை ஒப்பிட்டு, பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பிரிப்பது ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறது என்று காட்டினார்கள். போலந்து 1999இல் இந்தப் பிரிவினையை ஓராண்டு தள்ளிவைத்தது. அதன் பிறகு வந்த மதிப்பீடுகளில் பின்தங்கிய மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்தது.

ஜெர்மனியிடமிருந்து கற்க வேண்டியது பயிற்சி ஊதியமும் மைஸ்டர் தகுதியும். கற்கக் கூடாதது பத்து வயதுப் பிரிவினை. நம் ஊரில் பதினைந்து வயது வரை எல்லாரும் ஒரே பாடம் படிக்கிறோம். அதன் அருமை இங்கே வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் தென்காசியில் அரசுப் பள்ளியில் படித்தவன், என் தந்தை தையற்காரர். பத்து வயதில் யாராவது என்னை மதிப்பிட்டிருந்தால் ஊசியையும் நூலையும்தான் கையில் கொடுத்திருப்பார்கள்.

பதிவு 8 | பொருத்துநர்

தென்காசித் தம்பி சொன்ன மைஸ்டர் போன்ற திரும்பும் வழி நம்மிடமும் இருக்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கே டிப்ளமோ முடித்தால் பொறியியல் பட்டப்படிப்பிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு படித்தவர்களுக்குப் பொறியியல் கவுன்சலிங்கில் தனித் தரவரிசையே உண்டு.

வழி இருப்பது உண்மை. அது குறுகியது என்பதும் உண்மை. ஐடிஐயிலிருந்து பாலிடெக்னிக்குக்குப் போகிறவர் முதலில் தடுமாறுவது கணிதத்தில். இரண்டாண்டுகள் பட்டறையில் நின்றவருக்குச் சமன்பாடுகள் மறந்து போயிருக்கும். அந்த இடைக்காலத்தில் மூன்று மாதக் கணித வகுப்பு ஒன்றை அரசு நடத்தினால், வேறு எந்தச் செலவையும்விட அதற்குப் பலன் கூடுதல் என்று என் அனுபவத்தில் சொல்வேன். மருத்துவப் படிப்புக்கான கதவு மட்டும் இயற்பியல், வேதியியல், உயிரியல் இல்லாமல் திறக்காது. அந்த ஆசை உள்ள பிள்ளைக்கு இதனைச் சேர்க்கைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பதிவு 9 | முக்கூடல் வாசகி

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பெண்ணுக்கு என்ன பிரிவு என்பதைப் பல வீடுகளில் பேருந்து நேரம் தீர்மானிக்கிறது. மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப முடியுமா என்பதே முதல் கேள்வி. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாட்டா பவர் நிறுவனத்தின் சூரிய மின்கலத் தொழிற்சாலை வந்த பிறகு, அங்கே பெரும்பாலும் பெண்களே வேலை செய்வதைப் பார்த்து எங்கள் ஊர்ப் பெற்றோர்கள் ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஐடிஐ’ என்று கேட்பதைச் சற்று நிறுத்தியிருக்கிறார்கள். 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் ஐடிஐயில் சேர்ந்தாலும் கிடைக்கும், கல்லூரியில் சேர்ந்தாலும் கிடைக்கும். ஒரு பாதையை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பணம் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே வருவது இன்னும் பெரிய மாற்றம்.

பதிவு 10 | வள்ளியூர் நடத்துநர்

பெரியவர்கள் பேசும் இடத்தில் என் வீட்டுச் சிக்கலைச் சொல்லலாமா என்று தயங்கினேன். நான் பேருந்து நடத்துநர். என் மகன் பத்தாம் வகுப்பில் 412 எடுத்திருக்கிறான். ஐடிஐயில் மின்பணியாளர் பிரிவில் சேர வேண்டும் என்று உறுதியாக நிற்கிறான். காற்றாலையில் வேலை செய்யும் அவனுடைய சித்தப்பாவோடு இரண்டு விடுமுறைகள் சுற்றியிருக்கிறான். அவன் அம்மாவோ, 412 எடுத்த பிள்ளையை ஐடிஐக்கு அனுப்பினால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், நாளைக்குப் பெண் கேட்டுப் போகும்போது என்ன சொல்வது என்று அழுகிறாள். எனக்கும் மனம் ஒரு நிலையில் இல்லை. ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்தால், வசதியில்லாத வீட்டார் பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்புவதாக இருக்கிறது. என் வீட்டில் அது தலைகீழாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதிவு 11 | பாளை ஆசிரியை

தங்கள் வீட்டில் நடப்பது தலைகீழாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான், ஐயா. மகன் காற்றாலையை அருகில் இருந்து பார்த்திருக்கிறான், ஆகவே அந்தப் பாதை அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது. தாயாருக்கு, பிள்ளை இறங்கிவிடக் கூடாது என்ற கவலை. இருவரும் நியாயமானவர்கள். தாயாரின் கவலையைச் சொந்தக்காரர் பேச்சுக்கு அஞ்சுவது என்று தள்ளிவிட வேண்டாம். தலைமையாசிரியர் ஐயா எழுதிய வரலாறு அவர் மனத்திலும் இருக்கிறது.

மகனிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. அவனை ஈர்த்தது மின்சாரமா, சித்தப்பாவின் சம்பளமா, அந்த உயரமான இடமா? கணிதம் அவனுக்குப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் ஐடிஐக்கும் முதல் குரூப்புக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு மின்னியல் டிப்ளமோவில் சேரலாம். கைவேலையும் உண்டு, கணிதமும் விட்டுப்போகாது, பின்னர் பொறியியல் இரண்டாம் ஆண்டுக்குள் நுழையலாம். தங்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. மூன்றாண்டு காத்திருக்கும் வலு வீட்டில் இருக்கிறது. முக்கூடல் தங்கையின் அண்ணனுக்கு இல்லாத அந்த வசதி தங்கள் மகனுக்கு இருக்கும்போது, அவசரப்படாமல் மூன்றையும் பார்த்துவிட்டு அவன் முடிவெடுக்கட்டும். பார்த்த பிறகும் ஐடிஐதான் என்று அவன் சொன்னால், முழு மனத்தோடு அனுப்புங்கள்.

பதிவு 12 | பொருத்துநர்

நடத்துநர் அண்ணாச்சி, அம்மா சொன்னதோடு சில விவரங்கள். மின்பணியாளர் பிரிவு இரண்டாண்டு. தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். மின்வாரியத்தில் கள உதவியாளர் பணிக்கு ஐடிஐ சான்று கேட்கிறார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலும் ஐடிஐ முடித்தவர்களுக்கான பணியிடங்களும் பழகுநர் இடங்களும் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. வள்ளியூரிலிருந்து இரண்டும் தொலைவில்லை. ஆனால் போட்டி மிகுதி. கணிதத்தில் வலுவாக இருப்பவனே தேர்வில் வெல்வான். எனவே எந்தப் பாதையில் போனாலும் மகன் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைப் பழைய கடையில் போட்டுவிட வேண்டாம்.

கவுன்சலிங் நாளுக்கு முன்பு ஒரு வேலைநாளில் அவனையும் அவன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு ஐடிஐக்கும், பிறகு ஒரு பாலிடெக்னிக்குக்கும் போங்கள். முதல்வரிடம் முன்கூட்டிச் சொன்னால் பட்டறையைச் சுற்றிக் காட்டுவார்கள். சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலைக் காட்ட முடிகிற இடம் நல்ல இடம். அம்மாவையும் கட்டாயம் அழைத்துப் போங்கள், ஏனென்றால் அவர் மனத்திலுள்ள பட்டறையும் இன்றைய பட்டறையும் வேறு வேறு. சேர்க்கைக்கு மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் அசலும் நகலும் தேவை. பாலிடெக்னிக், ஐடிஐ, மேல்நிலை மூன்றுக்கும் விண்ணப்பத்தைத் தனித்தனியே போட்டு வையுங்கள். ஒன்றுக்குப் போட்டால் மற்றது பறிபோய்விடாது. கடைசி நாட்கள் வேறுபடும் என்பதால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.